இரண்டாம் காதின் தாய்மாமன்

திருத்தணிப் பேருந்து நிலையத்திலிருந்து மலையடிவாரத்துக்குப் போகும் சாலையில், பூஜைச் சாமான் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே இளங்கோவனின் ஸ்டுடியோ இருக்கிறது. வாசல் குறுகல், உள்ளே நீளம். முன்புறக் கண்ணாடிக்குப் பின்னால், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகளின் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. முதன்முறை வருபவர் வாசலில் ஒரு கணம் நின்று அவர் முகத்தைப் பார்ப்பார். பிறகு தமக்குத் தெரிந்த இந்தியையெல்லாம் திரட்டிக்கொள்வார்.

"பையா, பாஸ்போர்ட் போட்டோ... கித்னா?"

"ஆதாருக்காண்ணா, பேங்குக்கா? வெள்ள பேக்ரவுண்டு போடணுமா? காலர சரி பண்ணிகினு குந்துங்க, ரெண்டு நிமிசத்துல எடுத்துடலாம்."

வந்தவர் முகம் மலர்ந்துவிடும். "அட, தமிழ் சூப்பரா பேசறியே!"

"இங்கதாண்ணா பொறந்தேன்."

"ஆங்... சரி சரி. சொந்த ஊரு எது?"

"இதான்."

"அது தெரியுதுப்பா. அதுக்கு முன்ன?"

அதற்கு முன் இளங்கோவன் எங்கும் இருந்ததில்லை. ஆனால் இந்தப் பதில் யாருக்கும் போதுவதில்லை. நேபாளம் என்ற சொல் வரும்வரை அவர்கள் விடுவதில்லை. வந்ததும், தொலைந்த சாவி கிடைத்ததுபோல் நிம்மதியடைந்து நாற்காலியில் உட்காருவார்கள்.

அவருடைய தந்தை தன்பகதூர், இளம் வயதில் நேபாளத்திலிருந்து வந்து இவ்வூர்க் கடைவீதியில் காவல் வேலை பார்த்தவர். இறக்கும்வரை ஊருக்கு அவர் கூர்க்காதான். பெயரை ஒருவரும் கேட்டதில்லை. கே.ஜி.கண்டிகையில் நாற்று நட்டுக் களை பறித்துக்கொண்டிருந்த மணியம்மையை மணந்தார். மகனுக்கு நல்ல தமிழ்ப் பெயராக இருக்கவேண்டும் என்று நாலு பேரிடம் விசாரித்து இளங்கோவன் என்று வைத்தார். அடுத்துப் பிறந்த மகள் உதயா.

ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த இருவரில் உதயா தாயின் முகத்தை எடுத்துக்கொண்டாள். அகன்ற கண், மாநிறத்துக்கும் சற்றே கூடுதலான கறுப்பு, எடுப்பான மூக்கு. இளங்கோவனுக்குத் தந்தையின் முகம் அப்படியே வாய்த்தது. சிறிய கண்கள், உயர்ந்த கன்ன எலும்பு, வெளுத்த நிறம். இந்த ஊரில் வெளுப்புக்குத் தனி மரியாதை உண்டு. இளங்கோவனின் வெளுப்பு மட்டும் ஏனோ அந்தக் கணக்கில் சேரவில்லை. பள்ளி விட்டதும் தங்கையை அழைத்துப்போக அவர் வாசலில் நின்றால், ஆசிரியை உதயாவிடம், "உங்க அண்ணன் வரலியாடி? இந்தப் பையன் யாரு?" என்று கேட்பார். அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது.

முப்பது வயதைத் தாண்டிய பிறகு அதில் வேடிக்கை எதுவும் மிச்சமில்லை. தம்மை யாரும் வெறுக்கவில்லை என்பதுதான் அவருடைய பெரிய எரிச்சல். வெறுப்பவனோடு சண்டை போடலாம். இங்கே எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் நல்ல காரணமாகவும் இருந்தது. வாடகைக்கு வீடு கேட்டால், "கெணத்துல தண்ணி பத்தாதுப்பா" என்றார்கள். கொரோனா தொற்றுக் காலத்தில் ஷேர் ஆட்டோவில் அவருக்குப் பக்கத்து இடம் மட்டும் காலியாக வந்தது. கேட்டால், "காத்தாட குந்தலாம்னுதான்" என்றார்கள். பெண் பார்க்கப் போன இடங்களில் ஜாதகம் அருமையாகப் பொருந்தியிருக்கும். மாப்பிள்ளையை நேரில் பார்த்த பிறகு, ஜாதகத்தை இன்னொரு முறை பார்த்ததாகச் சொல்லி அனுப்புவார்கள். ஒவ்வொரு காரணத்தையும் தனியாக எடுத்துப் பார்த்தால் குற்றம் சொல்ல வழியில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஆனால் அப்படிச் சேர்த்துப் பார்க்கிற வேலையை அவர் ஒருவர்தான் செய்தார். அதனால் அவருக்குச் சந்தேகப் பேர்வழி என்ற பெயரும் வந்து சேர்ந்தது.

முகத்தைப் பார்த்து எடைபோடும் இந்தப் பழக்கம் தம் கையிலும் உண்டு என்பதை அவர் தொழிலில் கண்டுகொண்டார். எடுத்த படத்தைக் கணினியில் திறந்ததும் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கிவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவார். யாரும் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. விரல் தானாகப் போகும். ஒருமுறை கூலி வேலைக்குப் போகும் பெண்மணி ஒருவர், தம் மகளின் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா இல்லியாக்கா?"

"நல்லாதான் இருக்குது தம்பி. எம்பொண்ணு எங்க?"

இளங்கோவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டு வேறு படம் அச்சிட்டுக் கொடுத்தார். மறுநாள் அடுத்தவர் படத்தைத் திறந்தபோது விரல் பழைய இடத்துக்கே போனது. தடுத்து நிறுத்துவதற்குள் முகம் வெளுத்துவிட்டது.

உதயாவைக் காதலித்து மணந்தவர் பொதட்டூர்பேட்டையைச் சேர்ந்த நவீன்குமார். நெசவுக் குடும்பம், வீட்டோடு விசைத்தறி. அவருடைய தந்தை பரந்தாமனும் தாய் வரலட்சுமியும் இரண்டு ஆண்டுகள் மகனோடு பேசவில்லை. மகள் அபி பிறந்ததும் கோபம் தீர்ந்தது. தீர்ந்தபின் அவர்கள் காட்டிய அன்பு உண்மையான அன்பு. இளங்கோவனே அதை எவரிடமும் சொல்வார். அவர் போகும்போதெல்லாம் பரந்தாமன் தம் தறியில் நெய்த லுங்கி ஒன்றைக் கையில் திணித்து அனுப்புவார். வீட்டுக்கு வந்தவர்களிடம், "இவருதான் நம்ம போட்டோகிராபரு. தங்கமான கை" என்று பெருமையாகச் சொல்வார். மருமகளின் அண்ணன் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. போட்டோகிராபர் என்பது பொய்யுமில்லை.

அபிக்கு மொட்டையும் காதுகுத்தும் திருத்தணியில் என்று முடிவானது. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் முடி இறக்குவார்கள், காதும் குத்துவார்கள். மாமனுக்கு அன்றைக்கு மாலை விழும். கூட்டம் முழுக்க அவனைப் பார்க்கும். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ மாமன்மாரை இளங்கோவன் படம் எடுத்திருந்தார். தம் முறை வருகிறது என்பதில் அவருக்கு இருந்த ஆசையை வெளியில் சொல்ல வெட்கப்பட்டார். குழந்தைக்குக் கம்மல், பட்டுப் பாவாடை, வளையல் எல்லாம் முன்கூட்டியே வாங்கி வைத்தார். குழந்தையை மடியில் வைத்துத் தாம் உட்கார்ந்துவிட்டால், உதயாவின் அண்ணன் யார் என்று பொதட்டூர்பேட்டையில் இனி ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். அவர் விரும்பியது அவ்வளவே.

ஒருநாள் பரந்தாமன் ஸ்டுடியோவுக்கு வந்தார்.

"தம்பி, நாள் குறிச்சாச்சு. மலமேல மொட்ட, கீழ மண்டபத்துல காதுகுத்து. போட்டோ பூரா உம்பொறுப்பு."

"நான் மடியில வெச்சுகினு குந்தணுமே மாமா. நம்ம கங்காதரன் இருக்கான், அரக்கோணத்துல ஸ்டுடியோ. அவன வரச் சொல்லிடறேன்."

"வெளியாளு எதுக்குப்பா? நம்ம வூட்டு விசேசத்த நம்ம ஆளு எடுக்கற மாரி வருமா? உன் கை எவனுக்கு வரும்?"

"மாமா, தாய்மாமன் நானு."

"இல்லன்னு யாரு சொன்னது? நாகேந்திரனும் மாமன்தான? உங்க பெரியம்மா மவன். உனக்கு மூத்தவன். மூத்தவன் இருக்கசொல்ல சின்னவன் குந்தினா அவன் மனசு கஷ்டப்படாதா?"

"அவன் பெரியம்மா மவன். நான் கூடப் பொறந்தவன்."

"சரிதான். ஆனா அவன் குடும்பஸ்தன் பாரு. கல்யாணம் ஆனவன் மடியில குந்த வெச்சா கொழந்தைக்கு நல்லதுன்னு உங்க அத்த ஆசப்படறா. பொம்பளைங்க ஆச. நான் இன்னா பண்றது?"

ஒரு கதவைத் திறந்தால் அடுத்த கதவு. மூன்றும் மரியாதையாகச் சாத்தப்பட்ட கதவுகள். பரந்தாமன் லுங்கியை மேசைமேல் வைத்துவிட்டு அவர் தோளைத் தட்டினார்.

"கோச்சிக்காத. எங்க வூட்ல எதையும் பாக்கற ஆளுங்க யாரும் கெடயாது. உனக்கே தெரியும்."

"எத பாக்கறதில்ல மாமா?"

"எதையும்தான்," என்று சொல்லி அவர் பேருந்துக்குக் கிளம்பினார்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு இளங்கோவன் பொதட்டூர்பேட்டைக்குப் போனார். கூடத்துக்கு அப்பால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவேண்டுமானால் காதருகில் கத்தவேண்டும். அடுக்களை வாசலில் உதயாவை நிறுத்தி வைத்துக்கொண்டு கத்தினார்.

"நீ சொல்லக் கூடாதா?"

"இன்னான்னு சொல்றது? அவங்க தப்பா ஒண்ணும் சொல்லலியேண்ணா."

"நாகேந்திரன் உன்ன வந்து பாத்து எத்தினி வருசம் ஆவுது? திடீர்னு அவன் மாமன் ஆயிட்டானா?"

"ஒரு நாளுதானண்ணா. விட்டுக் குடேன். ரெண்டு வருசம் கழிச்சு இப்பதான் சேந்திருக்கோம்."

"நான் எப்பவும்தான் விட்டுக் குடுக்கறேன்!"

"அவங்க அப்டி நெனைக்கல. நீயாதான் ஒவ்வொண்ணுத்துக்கும் ஒரு அர்த்தம் கண்டுபுடிச்சிகினு இருக்க."

இந்த வாக்கியம்தான் அவரை நிலைகுலையச் செய்தது. வெளியார் சொன்னால் தாங்கிக்கொள்வார். தம்மோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள், முகம் ஒன்று மாறியிருந்தால் இதே கதவுகளுக்கு வெளியே நின்றிருக்கக்கூடியவள், இப்படிச் சொல்கிறாள். அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"மூஞ்சிடி! என் மூஞ்சிதான் காரணம்!"

அதே நொடியில் மின்சாரம் போயிற்று. தறிகள் எல்லாம் ஒருசேர நின்றன. 'மூஞ்சிதான் காரணம்' என்பது மட்டும் அந்த அமைதியில் வீடு முழுக்கக் கேட்டது. தறியருகே இருந்த பரந்தாமனும், பாவு நூலில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த நவீன்குமாரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுக்களையிலிருந்து வரலட்சுமி மோர்ச் சொம்போடு வெளியே வந்தார்.

"மூஞ்சிக்கு இன்னாப்பா கொறச்சல்? ராசாவாட்டம் இருக்க. நம்ம நவீனே உங்கிட்ட கலர் கடன் வாங்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். பரந்தாமன் சிரித்த சிரிப்பில் கள்ளம் இல்லை. இளங்கோவன் மோரை வாங்கிக் குடித்தார். பல ஆண்டுகள் உள்ளே வைத்திருந்த ஒரு சொல்லை வெளியே சொல்லியாயிற்று. அதை அவர்கள் ஒரு பாராட்டாக மாற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சிரிக்காமல் இருந்தவர் நவீன்குமார் ஒருவரே. நூலைக் கீழே வைத்துவிட்டு, "நைனா, மாமன் ரெண்டு பேரு. கொழந்தைக்குக் காதும் ரெண்டு. ஆளுக்கு ஒண்ணு. மொத காது மூத்தவருக்கு, ரெண்டாவது காது மச்சானுக்கு. எத்தினி வூட்ல பண்றாங்க!" என்றார்.

"அப்ப போட்டோ?" என்றார் பரந்தாமன்.

"ரெண்டாவது காதுக்கு மட்டும் கேமராவ நான் புடிச்சிக்கறேன். மச்சான் சொல்லிக் குடுப்பாரு."

பரந்தாமனுக்கு மகனின் தீர்ப்பு மிகவும் பிடித்துப்போயிற்று. தாமே சொன்னதுபோல, "ஆங், அதான் நாயம். யாருக்கும் கொற இல்ல," என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார். மின்சாரம் வந்தது. தறிகள் ஓடத் தொடங்கின. மேற்கொண்டு பேச இடமில்லாமல் போயிற்று.

மலைமேல் மொட்டையடிக்கும்போது அபி நாகேந்திரன் மடியில்தான் இருந்தாள். அது பேச்சில் வராத பகுதி. அதனால் மூத்தவருக்கே போயிற்று. இளங்கோவன் படமெடுத்தார். பிறகு எல்லோரும் இறங்கி மண்டபத்துக்கு வந்தார்கள்.

அன்றைக்கு அவர் பட்டு வேட்டியும் பட்டுச் சட்டையும் அணிந்து, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். வழக்கத்தைவிட விபூதி அதிகம். ஏன் என்று அவருக்குத் தெரியும்: பந்தியில் பரிமாறச் சமையல்காரர் அழைத்து வந்திருந்தவர்களில் சிலருக்கு இளங்கோவனின் முகச் சாடை. அவர்களிடமிருந்து விலகியே நின்றார். அப்படியும் நெசவுக்காரக் குடும்பத்து அம்மாள் ஒருவர் காலி ஜக்கை அவர் கையில் கொடுத்து, "தண்ணி... பானி... ஜல்தி" என்றார்.

"நான் கொழந்தையோட மாமன்மா."

"ஐயோ, தெரியலப்பா! கூட்டத்துல யாரு யாருன்னு எங்க தெரியுது!"

கூட்டத்தில் வேறு எவர் கையிலும் அந்த அம்மாள் ஜக்கைக் கொடுக்கவில்லை.

இளங்கோவன் ஜக்கைக் கொண்டுபோய் வைத்தபோது, இலை போட்டுக்கொண்டிருந்த ஆள் அவரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகி, "தாஜு!" என்று அழைத்து மளமளவென்று ஏதோ பேசினார். அண்ணன் என்பதற்கு அவர்கள் மொழியில் அதுதான் சொல் என்று தந்தை சொல்லிக் கேட்ட ஞாபகம். அதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை.

"எனக்குத் தெரியாதுப்பா. நான் இந்த ஊரு," என்றார் இளங்கோவன். தேவைக்கு மீறிய கடுமை குரலில் இருந்தது. அந்த ஆளின் சிரிப்பு மெதுவாக அணைந்தது. முகத்தைப் பார்த்துத் தம்மை இன்னார் என்று முடிவு செய்துவிட்டாரே என்று முதலில் கோபம் வந்தது. அந்த மண்டபத்தில் அன்றைக்கு முகத்தைப் பார்த்துத் தம்மிடம் சிரித்தவர் அவர் ஒருவர்தான் என்பது நாலடி நடந்த பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போய் ஏதாவது சொல்லலாமா என்று நினைப்பதற்குள் ஒலிபெருக்கியில் அவரை அழைத்துவிட்டார்கள்: "போட்டோகிராபர் உடனே மேடைக்கு வரவும்."

முதல் காது. நாகேந்திரன் மாலையோடு மணையில் உட்கார்ந்தார். காது குத்தும் பத்தர் வேதாசலம், குழந்தையின் வாயில் வெல்லத்தை வைத்துவிட்டு, சந்தனத்தால் பொட்டு வைத்த இடத்தில் கம்பியை இறக்கினார். இளங்கோவன் நல்ல கோணம் பார்த்து, நாகேந்திரனின் பதற்றமும் அபியின் விரிந்த கண்ணும் ஒரே படத்தில் வரும்படி எடுத்தார். வேலையில் அவர் யாரையும் வஞ்சித்ததில்லை.

இரண்டாம் காது. கேமராவை நவீன்குமார் கையில் கொடுத்து, "எல்லாம் செட் பண்ணி வெச்சிருக்கேன் மாப்ள. அமுக்கினா போதும்" என்றார். மாலை அவர் கழுத்துக்கு வந்தது. முதல் காதின்போது குழந்தைக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியாது. இரண்டாம் காதின்போது தெரியும். அபி வளைந்து நெளிந்து கத்தினாள். அவர் அவளுடைய தலையைத் தம் மார்போடு சேர்த்து அணைத்து, இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். சந்தனம் சட்டையெல்லாம் அப்பியது.

"கெட்டியா புடி மாமா," என்றார் வேதாசலம். "ஆடினா ஓட்ட கோணலா பூடும்."

மாமா என்று எல்லோர் முன்னிலையிலும் ஒருவர் அழைத்துவிட்டார். அபியின் அலறல் காதைப் பிளந்த அந்த நேரத்தில் இளங்கோவன் சந்தோஷமாக இருந்தார்.

மறுநாள் காலை ஸ்டுடியோவில் படங்களைக் கணினியில் ஏற்றினார். முதல் காதின் படங்கள் அருமையாக வந்திருந்தன. அடுத்து நவீன்குமார் எடுத்தவை. முதல் படத்தில் குழந்தை, மாலை, இரண்டு கைகள். அவ்வளவுதான், கழுத்துக்கு மேல் இல்லை. அடுத்ததிலும் இல்லை. அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நவீன்குமார் இடம் மாறியிருக்கிறார், உட்கார்ந்திருக்கிறார், நின்றிருக்கிறார். எல்லாப் படங்களிலும் மேல் விளிம்பு மாலையின் மேல் பாதியோடு முடிந்துவிட்டது. அபி இருக்கிறாள், குனிந்திருக்கும் பத்தர் முகம் இருக்கிறது, பக்கத்தில் குனிந்து எட்டிப் பார்க்கும் வரலட்சுமிகூட இருக்கிறார். மாமனுக்கு முகம் இல்லை.

கைப்பழக்கம் இல்லாததால் இருக்கும் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். முதல் காதின்போது நவீன்குமார் தம் கைப்பேசியில் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்ட படங்கள் ஞாபகம் வந்தன. எடுத்துப் பார்த்தார். அவை எல்லாவற்றிலும் நாகேந்திரன் முழுதாக இருந்தார்.

பெற்றோரை இரண்டு ஆண்டுகள் பிரிந்திருந்து தம் தங்கையை மணந்தவர்; வீட்டில் தம் பக்கம் பேசிய ஒரே ஆள்; மூஞ்சி என்ற சொல்லுக்குச் சிரிக்காதவர். அவருடைய கண்ணும் இந்த முகம் வரும் இடத்தில் படத்தை முடித்துக்கொண்டிருக்கிறது. அவருக்கே தெரியாமல்.

இறந்துபோனவர்களைக் குடும்பப் படத்தில் ஒட்டித்தருவது இளங்கோவனின் தொழிலில் வழக்கமான வேலைதான். இல்லாத தலையை வைப்பது அவருக்குச் சிரமமில்லை. தம் பழைய படம் ஒன்றைத் திறந்து முகத்தை வெட்டி எடுத்து, மாலைக்கு மேலே பொருத்திப் பார்த்தார். பொருந்தியது. இருந்த இடத்தில் இருந்ததாகக் காட்ட, செத்தவனைப்போல் தம்மைத் தாமே ஒட்டவேண்டியிருக்கிறதே என்று தோன்றியதும் அந்த முகத்தை அழித்தார்.

பரந்தாமன் கேட்டிருந்தபடி முதல் காதின் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டார். கேட்காத இரண்டாம் காதின் படத்தையும், தலையில்லாமல், உள்ளது உள்ளபடி அதே அளவில் அச்சிட்டுச் சட்டம் போட்டார். இரண்டையும் பொதட்டூர்பேட்டைக்கு எடுத்துப்போய்க் கூடத்தில் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார்.

முதல் படத்தை எல்லோரும் வாய்நிறையப் புகழ்ந்தார்கள். பிறகு இரண்டாவதற்கு வந்தார்கள்.

"இன்னாப்பா இது, தல இல்லாம?" என்றார் பரந்தாமன்.

"இப்டித்தான் மாமா வந்திருக்கு. எல்லாமே."

நவீன்குமார் குனிந்து படத்தைப் பார்த்தார். "மச்சான், நான் அபி மேலதான் போகஸ் வெச்சேன். வேணும்னு..."

"தெரியும் மாப்ள. வேணும்னு பண்ணியிருந்தா சண்ட போட்டிருப்பேன்."

நவீன்குமாருக்குச் சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை. காதோரம் சிவந்துபோய்த் தறிப் பக்கம் போய்விட்டார்.

"இதுக்குப் போயி மொகத்த தொங்கப் போட்டுகினு!" என்றார் வரலட்சுமி. "இப்பவே மாலைய போட்டுகினு குந்து. பத்தர் கை மாரி யாராவது கைய வெச்சா போச்சு. எடுத்துடலாம்."

"வேணாம் அத்த. இதையே மாட்டுங்க. பக்கத்துல பக்கத்துல."

பரந்தாமன் தலையை ஆட்டினார். "தல இல்லாத படத்த வூட்ல மாட்டக் கூடாதுப்பா. கொழந்த இருக்கற வூடு. நல்லதில்ல."

இதுவும் நல்ல காரணம்தான். அவர் முகத்தில் இருந்த கவலையும் உண்மையானது. இளங்கோவன் உதயாவைப் பார்த்தார். நீயாதான் நினைத்துக்கொள்கிறாய் என்று இந்த முறை அவள் சொல்லவில்லை. அபியை இடுப்பில் வைத்துக்கொண்டு படத்திலிருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தை அவளே பழைய லுங்கி ஒன்றில் சுற்றி அண்ணனிடம் கொடுத்தாள்.

முதல் காது இப்போது பொதட்டூர்பேட்டைக் கூடத்தில் இருக்கிறது. இரண்டாம் காது ஸ்டுடியோவில், அவர் நாற்காலிக்கு நேர் மேலே தொங்குகிறது. வருபவர்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். குழந்தையின் திறந்த வாய், இறுகப் பிடித்த கைகள், நசுங்கிய மாலை. 'மாமன் புடிய பாரு!' என்கிறார்கள். அந்த மாமனின் சொந்த ஊர் எது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

சென்ற வாரம் பள்ளிப்பட்டுப் பக்கமிருந்து ஒருவர் தம் மகனின் காதுகுத்துக்குப் படமெடுக்கப் பேச வந்தார். வாசலில் தயங்கி, "பையா, போட்டோ..." என்று தொடங்கியவர் சுவரைப் பார்த்ததும் இந்தியை மறந்துவிட்டார்.

"இதோ, இந்த மாரி வேணும். யாரு எடுத்தது?"

"எங்க மாப்ள."

"மாப்ளயா?" அவர் படத்தையும் இளங்கோவனையும் மாறி மாறிப் பார்த்தார். "தமிழ் நல்லா பேசறியே. எந்த ஊருப்பா நீ?"

இளங்கோவன் கேமராப் பையின் பட்டையை இழுத்துச் சரிசெய்தார்.

"கொழந்தைக்கு மாமன் எத்தினி பேருண்ணா?"

"ரெண்டு பேரு."

"அப்ப ரெண்டு காதுக்கும் நானே எடுக்கறேன். நடுவுல எவன் கேட்டாலும் கேமராவ குடுக்க மாட்டேன். இப்பவே சொல்லிடறேன்."

வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சரி என்று தலையாட்டினார்.